குப்பைத் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தவன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பதை இரண்டு வரிகளில் முடித்துக்கொண்டு, மீதிப் பக்கங்கள் முழுவதையும் ‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்க ஜாம்பி தொடருக்கே நீ ஒதுக்கியிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. உன் மகனோடு அதை மறுபடியும் பார்த்து முடித்தாய் என்பதும், நாயகன் ரிக்கின் மகன் கார்லின் சாவு சரியான முடிவுதான் என்று அவன் வாதாட நீயும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாய் என்பதும் தெரிந்துகொண்டேன். சென்ற மாதம் என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வழக்கு நடந்தது. தொடரின் வில்லன் நீகனை எந்தப் பிறவியிலும் மன்னிக்க முடியாது என்பது அவன் கட்சி. நீகன் மட்டும் இல்லையென்றால் கடைசி சீசன்களை நான் தொட்டிருக்கவே மாட்டேன் என்பது அவன் மனைவியின் கட்சி. நான் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். உன்னிடம் அப்படி இருக்க முடியாதே. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உன் வாதத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், அது இப்படிப் போகிறது: செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகில் யாருடைய உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது, முக்கியப் பாத்திரம் என்பதற்காக ஒருவரைத் தொடர்ந்து காப்பாற்றிக்கொண்டே போனால் கதையில் அச்சம் என்பதே அற்றுப்போகும், ஆகவே ரசிகர்கள் எழுப்பும் கூச்சல், தங்களுக்குப் பிடித்தவர் போய்விட்டாரே என்ற ஆற்றாமையைத் தவிர வேறொன்றுமில்லை. முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்; மூன்றாவதை ஒப்பமாட்டேன். 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி 2022 நவம்பர் 20 அன்று முடிந்த அந்த 177 எபிசோடுகளில் ரசிகர்கள் எத்தனையோ சாவுகளைப் பார்த்து அழுதுவிட்டு மறுவாரம் மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரிக்கின் நண்பன் ஷேன் போனான், மனைவி லோரி பிரசவத்திலேயே போனாள், பண்ணைக்காரர் ஹெர்ஷலை அவர்கள் தோழி மிஷோனின் வாளாலேயே எதிரி கவர்னர் வெட்டிச் சாய்த்தான். இவற்றுக்காக யாரும் தொடரைக் கைவிட்டதாக நான் அறியேன். ரசிகர்களின் கோபம் கிளம்பிய இடங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அங்கெல்லாம் ஒரு சாவைச் சொன்ன விதத்தில் ஏதோ ஒரு களவு இருந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

இரண்டாம் சீசனின் சோஃபியாவை நினைத்துப் பார். நெடுஞ்சாலையில் வாக்கர்கள் என்று சொல்லப்படும் நடைப்பிணங்களிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய சிறுமியை ஏழு எபிசோடுகள் தேடுகிறார்கள். ஹெர்ஷலின் பண்ணையிலேயே கதை தேங்கிவிட்டது, ஜாம்பி தொடர் என்று சொல்லிவிட்டு விவசாயம் காட்டுகிறார்கள் என்று அப்போது எழுந்த முணுமுணுப்பு உனக்கும் நினைவிருக்கும். நீயே அந்தக் கட்சியில் இருந்தவன்தான். கடைசியில் ஷேன் கொட்டகையின் பூட்டை உடைக்கிறான். உள்ளே அடைத்து வைத்திருந்த வாக்கர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து சுடப்படுகின்றன. எல்லாம் ஓய்ந்த பிறகு சோஃபியா வருகிறாள். தேடியவர்கள் தங்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அத்தனை நாட்களும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். தொடருக்கு மூலமான காமிக்ஸைப் படித்தவர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. ஏனென்றால் அங்கே சோஃபியா கடைசி இதழ் வரை உயிரோடு இருக்கிறாள்.

இதைவிடக் கொடிய முடிவை அந்தத் தொடர் அதற்கு முன் எடுத்ததில்லை. ஆனாலும் இது களவு ஆகாது. நம்மிடமிருந்து மறைக்கப்பட்டது, அந்தப் பாத்திரங்களிடமிருந்தும் மறைந்தே இருந்தது. அவளைக் கொட்டகையில் அடைத்தவன் பண்ணையில் இருந்த ஓடிஸாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹெர்ஷல் பிறகு சொல்கிறார். அந்த ஓடிஸ் அதைச் சொல்வதற்கு முன்பே செத்துவிட்டான். அவனைக் காலில் சுட்டு வாக்கர்களுக்கு இரையாக விட்டுவிட்டுத் தப்பி வந்தவன் ஷேன். தேடலே வீண் என்று முழங்கிய அதே ஷேன், உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே வாயைத் தன் கையாலேயே அடைத்துவிட்டுத்தான் அப்படி முழங்கிக்கொண்டிருந்தான். கொட்டகைக் கதவைத் திறந்ததும் அவன்தான். யாரும் இதை வசனமாக விளக்குவதில்லை. பின்னால் யோசிக்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற இந்தக் கணக்கு, முதலிலிருந்தே நேராக நிற்கிறது.

விஞ்ஞானி ஜென்னர் ரிக்கின் காதில் கிசுகிசுத்ததும் இந்த வகைதான். முதல் சீசனின் முடிவில், அட்லாண்டாவின் நோய்த் தடுப்பு மையம் வெடிப்பதற்கு முன், அவர் என்ன சொன்னார் என்பது நமக்குக் கேட்பதில்லை. ஆனால் ஏதோ சொன்னார் என்பதைக் கேமரா ஒளிக்காமல் காட்டுகிறது. எல்லோர் உடம்பிலும் அந்த நோய் ஏற்கெனவே இருக்கிறது, கடி படாமல் செத்தாலும் எழுந்து வருவோம் என்ற அந்தச் செய்தி 2012 மார்ச்சில்தான் வெளியே வருகிறது. ஒரு ரகசியம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதைக் காத்து வைப்பது கதைசொல்லியின் உரிமை.

இனி 2015 அக்டோபருக்கு வா. ஆறாவது சீசனின் மூன்றாவது எபிசோடில் ரிக்கின் கூட்டத்து கிளெனும் அவனோடு வந்த நிக்கோலஸும் ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியின் மேல் ஏறி நிற்க, நாலாபுறமும் வாக்கர்கள். நிக்கோலஸ் தன்னையே சுட்டுக்கொள்ள, இருவரும் கூட்டத்துக்குள் விழுகிறார்கள். கிளெனின் முகம் கதறுகிறது. அவன் மார்புக்கருகில் குடலைப் பிடுங்கி இழுக்கிறார்கள். கிழிபடுவது நிக்கோலஸின் உடல் என்பதை மறைப்பதற்காகவே அந்தச் சட்டகம் அமைக்கப்பட்டிருந்தது. அதோடு நிற்கவில்லை, அடுத்த எபிசோடுகளின் தொடக்கப் பெயர்களிலிருந்து கிளெனாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நவம்பர் 22 அன்று, அவன் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து போய் ஒளிந்துகொண்டான் என்று காட்டினார்கள். இங்கே எந்தப் பாத்திரமும் நம்மை ஏமாற்றவில்லை, கதையின் சூழ்நிலையும் ஏமாற்றவில்லை. பொய் சொன்னது கேமரா. அதற்குத் துணை போனது பெயர்ப்பட்டியல், அது கதைக்கே வெளியே இருப்பது. நடிகரின் பெயரை எடுத்துச் சாவுக்குச் சாட்சி சேர்த்தவர்களை, அடுத்த முறை யாராவது சாகும்போது நான் எதை வைத்து நம்புவது?

அந்த அடுத்த முறை சீக்கிரமே வந்ததுதான் துரதிர்ஷ்டம். 2016 ஏப்ரல் 3 அன்று நீகன் மட்டையை ஓங்குகிறான். அடிபடுகிறவரின் கண்களுக்குள் கேமராவை வைத்து, அது யார் என்று காட்டாமலே சீசனை முடித்துவிட்டார்கள். அக்டோபர் 23 வரை காத்திருந்தோம். முதலில் செத்தது அதே கூட்டத்து ஏப்ரஹாம், பிறகு கிளென். காமிக்ஸின் நூறாவது இதழில், 2012ஆம் ஆண்டிலேயே, கிளென் இதே மட்டையால்தான் சாகிறான். ஆகவே அந்தச் சாவைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் அந்த எபிசோடை அன்றே பார்த்தார்கள் என்றால், ஆவலைத் தூண்டும் தந்திரம் வேலை செய்தது என்றுகூட நீ சொல்லலாம். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை மீளவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமே அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது என்பதால் எல்லாப் பழியையும் மட்டையின் மீது போடமாட்டேன். ஆனால் நீண்ட நாள் ரசிகர்கள் பலர் விலகிய இடம் எது என்று கேட்டால், அவர்கள் சொல்வது இந்த எபிசோடைத்தான். ஒரு மனிதனை ஓராண்டுக்குள் இரண்டு தரம் சாகடித்தால், இரண்டாவது சாவுக்குரிய கண்ணீர் முதல் சாவிலேயே செலவாகிப்போயிருக்கும்.

ரசிகர்களுக்குச் சாவே பிடிக்காது என்று நீ இன்னமும் சொல்வாயானால், ஒன்பதாம் சீசனின் கம்புகளை உனக்கு எதிராக நிறுத்துவேன். ஏஞ்சலா காங் தொடரின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் சீசன் அது. சந்தைத் திருவிழாவில் எல்லோரும் சிரித்து மகிழ்கிறார்கள். மறுநாள் குன்றின் மேல் பத்துத் தலைகள் கம்புகளில் செருகப்பட்டிருக்கின்றன. யார் யார் என்று காட்டுவதில் எந்த இழுத்தடிப்பும் இல்லை. அவர்கள் கடைசிவரை எப்படிப் போராடினார்கள் என்று உயிர் தப்பிய சித்திக் எழுந்து நின்று ஊருக்குச் சொல்கிறான். அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் தொடர் மீண்டு வந்துவிட்டது என்றார்கள். பத்துப் பேர் செத்து ஒரு தொடர் பிழைத்ததென்றால், கூச்சல் போட்டவர்கள் கோழைகள் அல்லர்.

இப்போது கார்ல். இதில்தான் உன் மகனோடு எனக்கு நேர்ப் பிணக்கு. கார்லின் கடைசி வேண்டுகோள்தான் ரிக்கை மாற்றியது, அவன் செத்திருக்காவிட்டால் நீகனை ரிக் உயிரோடு விட்டிருக்கமாட்டான், ஆகவே அந்தச் சாவு கதைக்கு அவசியம் என்கிறான் அவன். காமிக்ஸில் ரிக் நீகனின் கழுத்தை அறுத்துவிட்டு, அவனைப் பிழைக்க வைத்துச் சிறையில் அடைப்பது கார்ல் உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது. நான் காமிக்ஸைச் சாட்சிக்கு அழைப்பது, அதை மாற்றக்கூடாது என்பதற்காக அல்ல. மாற்றாமலே அதே இடத்துக்குப் போய்ச்சேர முடிந்தது என்று காட்டுவதற்காகத்தான். அவசியம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. ரிக்கின் கதையாகத் தோன்றினாலும், அடியில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி கார்லைப் பற்றியதுதான்: துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகே மீசை முளைத்த ஒரு பையன், தன் தாயின் உடல் எழுந்துவிடாதிருக்கத் தானே சுட வேண்டியிருந்த ஒரு பையன், எப்படிப்பட்ட மனிதனாக வளர்வான்? ராபர்ட் கிர்க்மன் 2019 ஜூலையில் 193ஆம் இதழோடு காமிக்ஸை முடித்தபோது அதற்கு விடை சொன்னார். அங்கே கார்ல் சோஃபியாவின் கணவன், ஆண்ட்ரியா என்ற சிறுமியின் தகப்பன். தொலைக்காட்சித் தொடர் எட்டாவது சீசனின் நடுவில், காட்டில் சித்திக்குக்கு உதவப் போன இடத்தில் ஒரு கடியைக் கொடுத்து, அந்தக் கேள்வியையே அழித்துவிட்டது. விடையைத் தங்கை ஜூடித்திடம் தேடலாம் என்று நினைத்தார்கள் போலும். காமிக்ஸில் குழந்தையாகவே செத்துப்போனவள் அவள், ஆகவே அண்ணனும் தங்கையும் இடம் மாறிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ஜூடித்தை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவள் பழைய உலகம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் பிறந்தவள். இரண்டு உலகங்களையும் பார்த்த கண் கார்லுடையது, அந்த இடத்தை அவளால் நிரப்ப முடியாது.

ஒன்றை மட்டும் அந்தச் சாவின் பக்கத்தில் நின்று ஒத்துக்கொள்கிறேன். அந்த சீசனின் முதல் எபிசோடிலேயே, நரைத்த தாடியோடு ரிக் விழிக்கும் காலைக் காட்சி இடையிடையே வருமே. எதிர்காலம் என்று நாம் நம்பிய அது, செத்துக்கொண்டிருந்த கார்ல் கண்ட கனவென்று பின்னால் தெரிகிறது. இதுவும் கேமராவின் ஏமாற்றுத்தானே என்று நீ மடக்கலாம். இல்லை, அந்தக் காட்சி ஒருவனுடைய மனத்துக்குள் இருந்தது, யாருடைய மனம் என்பதை மட்டுமே பிறகு சொன்னார்கள். குப்பைத் தொட்டிக்கு அப்படி ஒரு மனம் இல்லை.

காமிக்ஸிலிருந்து விலகியதையெல்லாம் குற்றமாக எண்ணுகிறவன் நான் என்று மட்டும் நினைத்துவிடாதே. அங்கே சிறைச்சாலையிலேயே தன்னை மாய்த்துக்கொள்ளும் சோஃபியாவின் தாய் கேரல், இங்கே மெலிசா மெக்பிரைடின் நடிப்பில் தொடரின் முதுகெலும்பாகவே ஆனாள். இங்கே வரும் டாரில் அங்கே கிடையவே கிடையாது. ரிக்கின் கூட்டத்து ஆண்ட்ரியாவை மூன்றாவது சீசனோடு முடித்தது நஷ்டம்தான், அதை நீயும் மறுக்கமாட்டாய்.

என் தம்பி வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். நான் அங்கே சொன்னது இதுதான்: நீகன் திருந்தினானா என்பதைவிட, கிளெனின் மனைவி மேகியை அந்தத் திருத்தத்துக்குக் கட்டாயச் சாட்சியாக்கினார்களா என்று பார்க்க வேண்டும். கடைசி எபிசோடில் நீகன் மன்னிப்புக் கேட்கிறான். அவளோ, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மட்டைதான் கண்ணுக்குத் தெரிகிறது, மன்னிக்க என்னால் முடியாது என்ற பொருளில் பதில் சொல்கிறாள். பத்துப் பக்கம் அழுகையும் அணைப்புமாக முடித்திருக்கக்கூடிய இடம் அது. அவனுக்கு மாற உரிமை உண்டு, அவளுக்கு அதை ஏற்காதிருக்க உரிமை உண்டு என்று இரண்டையும் அப்படியே விட்டார்கள். 2023இல் அந்த இருவரையும் மன்ஹாட்டனுக்கு அனுப்பித் தனித் தொடர் எடுத்தது வியாபாரம் என்று என் தம்பி சொல்கிறான், இருக்கலாம். ஆனால் அந்த ஆறாத பகையை முடித்துவைக்காமல் விட்டதால்தான் அப்படி ஒரு தொடருக்கே இடம் கிடைத்தது.

மேகி அவனைக் கொன்றிருக்க வேண்டும் என்பது உன் பழைய கட்சி என்று எனக்கு ஞாபகம். ஒன்பதாம் சீசனில் கடப்பாரையோடு அவன் சிறைக்குள் போய், கொன்றுவிடு என்று அவனே கெஞ்சுவதைக் கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாளே, அதை இரக்கம் என்கிறாயா, தண்டனை என்கிறாயா? நான் தண்டனை என்கிறேன். என் தம்பி மனைவி இரண்டும் இல்லை, வெறும் சலிப்பு என்கிறாள். உன் பதிலை எழுது.

அன்புடன்,
ரகுநாதன்