சண்டை வாத்தியாருக்கு விமானத்தில் என்ன வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

நடுவானில் பயணி ரகளை என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவரை எங்கே இறக்கிவிட்டார்கள், எத்தனை மாதம் பறக்கத் தடை என்பதெல்லாம் விவரமாக வருகிறது. அவரிடம் அடி வாங்கிய பணிப்பெண்ணுக்குத் தற்காத்துக்கொள்ள யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்திருந்தார்களா என்பது மட்டும் வருவதே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கராத்தே கிளாஸ் நடத்துகிறவன் நான், அதனால்தான் எனக்கு அந்த இடம் உறுத்துகிறது.

2011இல் ஹாங்காங் ஏர்லைன்ஸ் தன் கேபின் ஊழியர்களுக்கு விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுக் கொடுக்கத் தொடங்கியது என்று படித்தபோது, இதெல்லாம் விளம்பரம் என்று சிரித்தேன். ப்ரூஸ் லீயின் குரு இப் மேன் ஹாங்காங்கில் பரப்பிய கலை அது. உருவாக்கியவரே ஒரு பெண்தான் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை இருக்கட்டும், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, காலை உயரத் தூக்காமல், கையெட்டும் தூரத்திலேயே எல்லாவற்றையும் முடிக்கிற கலை என்பது உண்மை.

என் சிரிப்பு நின்றது போன வருடம். சின்ன வயதில் பிரவுன் பெல்ட் வரை வந்த என் மாணவி ஒருத்தி இப்போது விமானத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து, "மாஸ்டர், ஒருத்தன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, நீங்கள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமே கைகொடுக்கவில்லை" என்றாள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. சரி என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் 20 அங்குலம் விட்டுச் செய்து பார்த்தோம், விமானத்தில் நடைபாதை ஏறக்குறைய அவ்வளவுதான். காலைத் தூக்கினால் முழங்கால் நாற்காலியில் இடிக்கிறது, அதையும் மீறி உதைத்தால் பக்கத்து சீட்டில் தூங்குகிற பாட்டிமேல்தான் படும். அங்கே உருப்படியாக உதவியவை நான் கிளாஸில் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போகிற விஷயங்கள்: உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பது, சமாதானம் பேசுவதுபோல இரண்டு கைகளையும் விரித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொள்வது, சாப்பாட்டு டிராலியைக் குறுக்கே நிறுத்துவது, பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி உருவிக்கொள்வது, அப்புறம் குரல்.

அமெரிக்காவில் இதை அரசே நடத்துகிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, 2004 முதல், விமான ஊழியர்களுக்கு இலவசத் தற்காப்பு வகுப்பு. சொல்லிக் கொடுப்பவர்கள் பாதுகாப்புக்காகச் சாதாரண உடையில் விமானங்களில் போகும் அதிகாரிகளான ஏர் மார்ஷல்கள், நான்கு மணி நேரப் பயிற்சி. கொரோனாவால் நின்றுபோனதை 2021 ஜூலையில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே ரகளைப் புகார்கள் கிட்டத்தட்ட 6,000, பாதிக்கு மேல் முகக்கவசத் தகராறு! ஆனால் அங்கேயும் விருப்பப்பட்டவர்கள் லீவு நாளில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், கட்டாயம் கிடையாது.

நம் ஊரில் 2017 முதல் விதி இருக்கிறது. வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைவைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 வருடமோ அதற்கு மேலோ தடை. 2023 ஜனவரியில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ, பேசிப் பார்த்துப் பலனில்லை என்றால் கட்டிப்போடும் கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்று அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் குடித்துவிட்டுத் திமிறுகிறவன் கட்டுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டா நிற்பான்? என் மாணவிக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் இதற்காக ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்களாம், அவ்வளவுதான்.

அடிதடி கற்றுக் கொடுத்தால் ஊழியர்கள் பயணிகளை அடிப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் பயந்தவன்தான் முதலில் கை ஓங்குகிறான். கையை விடுவித்துக்கொள்ளத் தெரிந்தவள் நிதானமாகப் பேசுகிறாள்.

விமான நிறுவனங்கள் வருடா வருடம் ஊழியர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கத்தான் செய்கின்றன. அதிலேயே நான்கு மணி நேரம் ஒதுக்கி, ஊரில் இருக்கிற கராத்தே, ஜூடோ, சிலம்ப ஆசான்களில் இரண்டு பேரைக் கூப்பிடட்டும். அவசரகாலத்தில் பயணிகளை வெளியேற்றிப் பழக மாதிரி கேபின் வைத்திருக்கிறார்களே, அதற்குள்ளேயே நடத்தலாம். எனக்குக் காசுகூட வேண்டாம், நாற்காலி அடுக்கும் வேலையாவது மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஒரு கராத்தே மாஸ்டர்,
தாம்பரம்