நேபாளத்துக்குப் போகும் நம் வாலிபர் குழுவுக்காக ஒரு திறந்த மடல்

சேகர குரு ஐயா அவர்களுக்கும், மிஷனெரிக் கமிட்டியாருக்கும், வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும் கர்த்தருக்குள் அன்பின் வணக்கம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். கோடை விடுமுறையில் பதினான்கு பேர் பத்து நாள் மிஷனெரி பயணமாக நேபாளம் போகிறார்கள். காத்மாண்டு பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான்கு நாள் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. மற்ற நாள்களில் வீதி நாடகம், கைப்பிரதி ஊழியம். அறிவிப்பைக் கேட்டதும் எனக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். 2017 மே மாதம் அதே சந்தோஷத்தோடு போன குழுவில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம். பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகள் இல்லத்தையும் வீதி ஊழியத்தையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.

அன்று கோரக்பூர் வரை ரயிலில் போய், சோனௌலி எல்லையை நடந்தே கடந்தோம். நமக்கு விசா தேவையில்லை. கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். இல்லத்தில் முப்பது பிள்ளைகள் வரை இருந்தார்கள். நான் இரண்டு மாதம் பயிற்சி எடுத்து வந்த ஆக்‌ஷன் பாட்டை ஆரம்பித்தால், முதல் வரியிலேயே எல்லாரும் சேர்ந்து கை அசைக்கிறார்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். எங்களுக்கு முந்தின வாரம் வேறொரு குழு வந்து போயிருந்தது. நாங்கள் போன மறுவாரம் இன்னொன்று வரவிருந்தது.

ஏழு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை நான் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான்கு நாளும் விடவில்லை. ஊருக்கு வந்து இதைத்தான் சாட்சியாகச் சொன்னேன், சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பள்ளி ஆசிரியையான பிறகுதான் அதற்கு வேறொரு அர்த்தம் இருப்பது எனக்குப் புரிந்தது. வீட்டில் வளரும் ஏழு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவரைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளியும். யார் வந்தாலும் உடனே ஒட்டிக்கொள்கிற பிள்ளை, வளர்க்கிற கை அடிக்கடி மாறியதால் அப்படி ஆகியிருக்கலாம். வாரம் ஒரு குழுவாக வந்து, அன்பு காட்டி, படம் எடுத்து, டாட்டா சொல்லிப் போனவர்களில் நானும் இருந்தேன். கடைசி நாள், அடுத்த வருஷம் வருவீங்களா என்று கேட்டாள். வருவேன் என்று சொன்னேன். போகவில்லை.

அவள் கேட்டதை எனக்கு இந்தியில் சொன்னவன் பதின்மூன்று வயதுப் பையன். உன் ஊர் எது என்றேன். ஹும்லா என்றான். நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டிய மலை மாவட்டம் அது. அம்மா அப்பா அங்கேதான் இருக்கிறார்கள், இங்கே படிக்க அனுப்பினார்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். எங்கள் கையில் இருந்த ஜெபக் குறிப்பில் அவன் பெயருக்கு நேராக 'அநாதை' என்று அச்சடித்திருந்தது. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

அவன் கதை தனிக்கதை இல்லை. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளை மாவோயிஸ்டுகள் படைக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று மலைக்கிராமப் பெற்றோர் பயந்தார்கள். நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று வந்த தரகர்களிடம் கடன்பட்டுப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். பல பிள்ளைகள் காகிதத்தில் அநாதைகளாகி இல்லங்களுக்குப் போனார்கள். போர் முடிந்தும் பழக்கம் நிற்கவில்லை. நேபாளத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். அந்த இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அதிகமும் ஏழை மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கு, போக்ரா இருக்கும் காஸ்கி, சித்வான் என்று வெளிநாட்டார் வந்து போகும் இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. நாம் போவதும் காணிக்கை கொடுப்பதுமே பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரக் காரணமாகிவிடுகிறது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் நான்கு நாள் விருந்தாளியாகப் போகிற நமக்கு எது எப்படி என்று தெரிய வழியே இல்லை.

அடுத்தது வீதி ஊழியம். 2015 அரசியல் சாசனமே அங்கே மதமாற்றத்தைத் தடை செய்கிறது. நாங்கள் போய் வந்த அடுத்த வருஷம், 2018 ஆகஸ்டில், புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்தது. மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். இந்தச் சட்டம் நியாயமா என்று நாம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் நாம் பஸ் ஏறிய பிறகு, அந்தக் கைப்பிரதியை வைத்துக்கொண்டு போலீஸ் தேடிப் போவது நமக்கு வீடு கொடுத்த உள்ளூர்ப் போதகரைத்தான். நம் பிள்ளைகளின் தைரியத்துக்கு அவர் வீட்டார் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அவரைக் கேட்டுத்தான் இந்த நிகழ்ச்சியைப் போட்டோமா, இல்லை நாமே முடிவுசெய்துவிட்டு அவருக்குத் தெரிவித்தோமா?

நேபாளத்துச் சபையைப் பற்றி நம் வாலிபர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா என்றும் எனக்குச் சந்தேகம். 1951 வரை வெளிநாட்டு மிஷனெரிகளுக்குக் கதவடைத்திருந்த நாடு அது. 1990க்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் பெற்றவர்களும் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2021 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று பதிவு செய்தார்கள். பெரும்பாலும் நேபாளியர் நேபாளியருக்குச் சொல்லி வளர்ந்த சபை இது. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, அதனால் ஆராதனையும் சனிக்கிழமைதான். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமை நண்பகல் வேளையில். ஆராதனைக்குக் கூடியிருந்த இடத்திலேயே இறந்துபோனவர்கள் உண்டு. 2017இல் அப்படி ஒரு சபையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். 'ஜெய் மசீ' என்று கைகூப்பி வரவேற்று, தால் பாத் சாப்பாடு போட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். திட்டத்தில் அதற்கு ஒதுக்கியிருந்ததும் அந்த இரண்டு மணி நேரம்தான்.

நமக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையார் தாங்களே மிஷனெரியை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்திலிருந்து தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனவர்கள் பத்து நாளில் திரும்பவில்லை. தெலுங்கு படித்து, அங்கேயே வீடு எடுத்து இருந்தார்கள். அதே அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரித் தலைவர்கள் முன்னால் எழுந்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று அது நாம் கேட்டது. இன்று அனுப்புகிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

ஆகவே ஐயா, என் வேண்டுதல் இதுதான். பதினான்கு பேருக்குப் பதில் நான்கு பேரை அனுப்புங்கள், ஆனால் ஒரே சபைக்கு வருஷாவருஷம் போகட்டும். போகுமுன் ஆறு மாதம் நேபாளி மொழி படிக்கட்டும். என்ன வேலை என்பதை அந்தச் சபையார் சொல்லட்டும். ஒன்றும் வேண்டாம், வந்து எங்களோடு இருங்கள் என்றால் அப்படியே இருந்துவிட்டு வரட்டும். மீதமாகிற பயணச் செலவை, பிரிந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் கொண்டு சேர்க்கும் அங்குள்ள வேலைக்கு நன்றாக விசாரித்து அனுப்பலாம்.

மொழியை யாரிடம் படிப்பது என்று கமிட்டியில் கேட்பீர்கள். நம் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஹோட்டலின் சமையலறையில் மூன்று நேபாளத்துப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் சாலியானிலிருந்து வந்தவன், ஊரில் கைக்குழந்தை இருக்கிறதாம். நான் கேட்டுவிட்டேன். மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றான், சம்பளம் பேசவே வெட்கப்பட்டான். இத்தனை வருஷ அசனத்தில், நம் கோயில் விருந்தில், ஒரு தடவைகூட அவர்களுக்கு இலை போடவில்லை நாம். இந்த வருஷ அசனத்துக்கு அவர்களை நான் அழைக்கலாமா என்று, மற்றவற்றை முடிவுசெய்யுமுன் இதை மட்டும் இந்த ஞாயிறே சொல்லிவிடுங்கள்.

ஜெபத்துடன்,
முன்னாள் வாலிபர் ஐக்கியச் செயலாளர்