நாட்டுக்கோழிக்கு நோயே வராதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலும் தாமான்களின் கொல்லைப்புறங்களிலும் கோழி வளர்ப்பு மீண்டும் பெருகி வருகிறது. நாட்டுக்கோழிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு, தடுப்பு மருந்து பிராய்லருக்குத்தான் என்ற பேச்சும் கூடவே பரவியிருப்பதால் இதனை எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யன்று. கோழிகளின் நோய் எதிர்ப்பு மரபுவழியில் வேறுபடுவது ஆய்வில் உறுதியான செய்தி. மாரெக் நோய் கண்ட கோழி ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னுமாக நீட்டிக்கொண்டு கிடக்கும். வைரஸால் வரும் இந்நோயை வாதம் என்று எண்ணி எண்ணெய் தடவுவோரும் நம்மிடையே உண்டு. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராண்டல் கோல் என்பவர், இந்நோயைத் தாங்கிய குடும்பங்களைத் தனியாகவும் தாங்காதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்து, சில தலைமுறைகளிலேயே நேரெதிரான இரண்டு வரிசைகளை, அதாவது கோழி வம்சங்களை, உருவாக்கினார். தாங்கிய வரிசையில் பி21 என்ற மரபணுத் தொகுதியும் மற்றதில் பி19 தொகுதியும் இருப்பது பின்னர் தெரியவந்தது. அத்தொகுதி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் ஆய்வுக்கூடத்தின் 6, 7 எண் வரிசைகள் இரண்டுமே பி2 தொகுதியைக் கொண்டவை என்றாலும், முன்னது மாரெக் நோயைத் தாங்குகிறது, பின்னது தாங்குவதில்லை.

நம்மவர்கள் கவனிக்கத் தவறுவது இதற்கு அடுத்த படியை. ஒரு நோயைத் தாங்கும் கோழி எல்லா நோயையும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. வர்ஜீனியாவில் சீகல், கிராஸ் ஆகிய இருவர், செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் செலுத்தி, அதற்கு எதிர்ப்பொருளை (அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை) மிகுதியாக உண்டாக்கிய கோழிகளையும் குறைவாக உண்டாக்கியவற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்தார்கள். மிகுதியாக உண்டாக்கிய வரிசை சில நோய்களை நன்றாகத் தாங்கியது, ஈ.கோலை பாக்டீரியாவுக்கோ அதுவே எளிதில் இரையானது, உடல் எடையும் குறைந்தது. ஆகவே 'எதிர்ப்புச் சக்தி உள்ள கோழி' என்று எவரேனும் குஞ்சு விற்றால், எந்த நோய்க்கு என்று கேட்பதே முறை.

இங்கே நாம் சம்பார் என்கிற ராணிக்கெட் நோய் வந்தால், கம்போங் கோழி என்று பார்க்காமல் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். நாட்டுக்கோழிக்கு அது வராது என்றால், செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் 1980களில், இந்நோய் வைரஸின் வீரியமற்ற, வெப்பத்தைத் தாங்கும் வகையான வி4-ஐக் கொண்டு, தீனியில் கலந்து கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்தைக் கம்போங் கோழிகளுக்கென்றே ஆராய்ந்து உருவாக்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. நோய்க்குப் பின் மிஞ்சிய சேவலை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆயினும் அது மரபால் தப்பியதா, நோய் பரவியபோது தள்ளி இருந்ததால் தப்பியதா என்பது ஒரு சேவலைப் பார்த்து அறியக்கூடியதன்று.

தடுப்பு மருந்து போடாததற்கு நம்பிக்கை மட்டும் காரணமன்று. குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு என்ற அளவில் வருகிறது, கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் அதை ஏன் வாங்கப் போகிறார்? மாவட்டக் கால்நடை அலுவலகமும் குடியிருப்போர் சங்கங்களும் பேசி, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நாளைக் குறித்து, அன்று எல்லார் வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்