அப்பா பேரில் வந்த பேப்பர்

பெங்களூரு, மத்திகெரே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் மெயில் புதன்கிழமையே வந்துவிட்டது. ஆற அமரப் படித்துவிட்டு எழுதலாம் என்று இன்றுவரை வைத்திருந்தேன். காலையிலிருந்து தூறல். யஷ்வந்த்பூர் சந்தைக்குப் போய் வந்ததும் உன் பேப்பரைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, இப்போது தாமிரபரணி நத்தைகளைப் பற்றி உன் முதல் ஆய்வுப் பேப்பர்! குறுக்குத்துறை படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று நீ நத்தை பொறுக்கியதும், நான் கரையில் நோட்டோடு நின்றதும் கண்ணுக்குள் வந்து போயின. அட்டவணைகள் சுத்தமாக இருக்கின்றன. முடிவுரையில் ஒரு பத்தி நீளம், அவ்வளவுதான். ஆனால், கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலைப் பற்றி, "ரெஃபரன்ஸ்தானே, கடைசியில் ஒரு ஸ்டூடண்டிடம் கொடுத்து ஜர்னல் கேட்கிற மாதிரி மாற்றிக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். அதை நீயே செய்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. ஆரம்பத்தில் என் பேப்பர்கள் "தனலட்சுமி எம்" என்று வந்தன. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததும் "தனலட்சுமி முத்தையா" ஆனேன். அடுத்த ஜர்னலின் படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் "முத்தையா டி". தரவுத்தளங்களில் நான் இரண்டு ஆள். என் முதல் வேலையைத் தேடுகிறவருக்கு இரண்டாவது கிடைக்காது.

முதல்முறை ஒருவர் தன் கட்டுரையில் "முத்தையா மற்றும் பலர் காட்டியபடி" என்று எழுதியதை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கியே எங்களைப் படிக்க வைத்தவர். "என் பேரா? என் பேரா போட்டிருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கு நான் அழுதேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இருந்தாலும் பதிவு தப்புதான். ஆர்கிட் என்று 2012-இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறது. இரண்டு பெயரையும் அதன் கீழ் சேர்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேப்பரை அனுப்புவதற்கு முன்னால் நீயும் அதை வாங்கிவிடு, செலவில்லை.

அதே தப்பை நான் இன்னொருவருக்கும் செய்தேன், செல்வி. என் மேற்கோள் பட்டியலில், மென்பொருள் இழுத்துக்கொண்டு வந்த பெயரை அப்படியே விட்டுவிட்டேன். அச்சான பிறகு மதுரைக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒரே வரியில் மெயில் போட்டார்: "அம்மா, அது என் தகப்பனார் பெயர்." அதற்குப் பிறகு தமிழ்ப் பெயர் எங்கே வந்தாலும் மூலப் பேப்பரின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. ஜி. என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள். ஜி என்பது நம்ம பக்கத்துக் கோபாலசமுத்திரம். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து சென்னையிலிருந்து அவர் எழுதிய 1963 கட்டுரை ஐந்தே பக்கம், 95 முதல் 99 வரை. அதை மேற்கோள் காட்டும்போது "ராமச்சந்திரன் ஜி என்" என்று வருவதுதான் சரி. இனிஷியலை விரித்து ஊர்ப் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார்.

பக்க எண்ணும் அப்படித்தான். காஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973-இல் எழுதிய ஒரு இயற்பியல் கட்டுரையைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களை சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் அலசினார்கள். 196-இல் பிழை. ஆனால் வெவ்வேறு பிழை என்று பார்த்தால் 45தான், அதிலும் ஒரே ஒரு தப்பான பக்க எண் 78 இடத்தில் இருந்தது. எல்லோரும் தனித்தனியாக அதே எண்ணைத் தப்பாக அடித்திருக்க முடியுமா? ஒருவர் லிஸ்டைப் பார்த்து இன்னொருவர் எழுதியதுதான். மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதைப் படித்த நாளில் என் பழைய லிஸ்ட்களை எடுத்துப் பார்த்தேன். நான் திறந்தே பார்க்காத இரண்டு பேப்பர்கள் அதில் இருந்தன.

நீ அனுப்பப்போகிற ஜர்னல், மேற்கோளில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கேட்கிறது. உனக்குப் பிடிக்கும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இந்த முறைக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது, ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் வெளியிட்ட கட்டுரை. எதைப் பற்றித் தெரியுமா? ஓடில்லாத நத்தையின் முட்டை எப்படிக் கருவாகிறது என்பதைப் பற்றி!

அடைப்புக்குறியில் மட்டும் கை வைத்துவிடாதே. ஆப்பிள் நத்தைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் "ஸ்வெய்ன்சன், 1822" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய், அட்டவணையில் அடைப்புக்குறி இல்லை. விலங்கியலில் அது அலங்காரம் இல்லை என்று உனக்கே தெரியும்: அவர் பெயர் வைத்தபோது அந்த நத்தை வேறு பேரினத்தில் இருந்தது, பிறகுதான் பைலா என்ற இப்போதைய பேரினத்துக்கு வந்தது, அதைக் காட்டத்தான் அடைப்புக்குறி. இது தெரியாத ஸ்டூடண்ட், ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் எடுத்துவிடுவான்.

மற்றது சுலபம். ஜொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளை இறக்கிக்கொள், இலவசம். ஒரு கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்தால் விவரம் தானாக வரும். வந்ததை நம்பாமல் பார்: தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், இனப்பெயரின் சாய்வெழுத்து போயிருக்கும், இதழ்ப் பெயர் ஒன்றில் சுருக்கமாகவும் ஒன்றில் முழுசாகவும் இருக்கும். ஒருவேளை திரும்பி வந்து வேறு இடத்துக்கு அனுப்பினால், அங்கே பெயருக்குப் பதில் மேற்கோளுக்கு வரிசை எண் போடும் முறை கேட்கலாம். கையால் செய்திருந்தால் நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் எல்லா எண்ணும் நகரும். ஜொட்டேரோவில் முறையை மட்டும் மாற்றினால் போதும். கடைசியாக ஜொட்டேரோவோடு உள்ள இணைப்பை நீக்கி மேற்கோள்களைச் சாதா எழுத்தாக மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வை. நான் எடுக்காமல் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

உன் லிஸ்டில் 17-வது வரியைப் பார். பக்க எண் 312-இல் தொடங்கி 298-இல் முடிகிறது. 23-ஆவது உன் கட்டுரையில் எங்கேயும் வரவில்லை.

அடுத்த மாதம் அப்பாவைப் பார்க்க வருகிறேன். ஒருநாள் திருநெல்வேலியில் உன்னோடு தங்குகிறேன். மூலப் பேப்பர்களை எல்லாம் இறக்கி வை. ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்த மாதிரி, நீ வாசி, நான் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
தனம்