மாலை ஏழு மணிக்கு வந்து அளந்து பாருங்கள்

எங்கள் பகுதி மின் பகிர்மானச் செயற்பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருக்கிறேன். மாலையில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார்கள் நின்றுவிடுகின்றன என்ற எங்கள் மனுக்கள் தங்கள் மேசையில் இருக்கின்றன. கடைசி மனுவுக்கு வந்த பதில்தான் இம்மடலை எழுதவைத்தது: "மின்னழுத்தம் சரியாக உள்ளது. உள் வயரிங்கைச் சரிபார்க்கவும்."

தங்கள் ஆட்கள் அளந்தது காலை பதினொரு மணிக்கு. அப்போது சரியாகத்தான் இருக்கும். ஊரெல்லாம் விளக்கும் வெந்நீர் ஹீட்டரும் போடும் மாலை ஏழு மணிக்கு, எங்கள் மும்முனை இணைப்பின் சிவப்பு, மஞ்சள் ஃபேஸ்களில் 225 வோல்ட் இருக்க, நீலம் 178-க்கு இறங்கிவிடுகிறது. உள் வயரிங்கையும் பார்த்துவிட்டோம். மீட்டரிலிருந்து மோட்டார் வரை இழப்பு 3 வோல்ட்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டர் முனையில் அளந்தாலும் நீலத்தில் 184. ஒரு மோட்டாரும் ஓடாதபோது குறை எங்கள் கட்டடத்துக்குள் எப்படி இருக்கும்? வரும் வழியில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும், அல்லது வீட்டு இணைப்புகளில் பெரும்பகுதி நீலத்தில் ஏறியிருக்க வேண்டும். மாலையில் டிரான்ஸ்பார்மரிலேயே வோல்ட்டையும், ஃபேஸ்வாரியாக ஆம்பியரையும் அளந்தால் தெரிந்துவிடும்.

கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்கள் அந்நேரத்தில்தான் சூடேறி நிற்கின்றன. ஃபேஸ்களுக்கிடையே அழுத்தம் சில சதவீதம் வேறுபட்டாலும், மோட்டாரின் மின்னோட்டம் அதைப்போலப் பல மடங்கு சதவீதம் வேறுபடும் என்பது தாங்கள் அறிந்ததே. மோட்டார் எரியாமல் காக்கும் ஓவர்லோடு ரிலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறவிட்டுப் போடுகிறோம், மறுபடி விழுகிறது. காற்று நின்ற தொட்டியில் கொழுந்து தானே புழுங்கி, விடிவதற்குள் சிவந்துவிடுகிறது. அதை சி.டி.சி. எனும் அரைவை இயந்திரத்தில் அரைத்தால் தூளில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது அரை ஏக்கர்காரர்கள் மழையில் நனைந்து பறித்த கொழுந்து, ஐயா. குன்னூர் ஏலத்தில் தூளின் விலை இறங்கினால் கொழுந்தின் விலையும் இறங்குகிறது.

மின்திறன் காரணி, அதாவது எடுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு, குறைந்தால் எங்களுக்கு அபராதம் தவறாமல் வருகிறது. மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்ற விதிக்கு மட்டும் பொறுப்பேற்க ஆள் இல்லையா? பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பிய மலை இது. குந்தாவின் தண்ணீரும் அதற்காகவே தேக்கப்படுகிறது. இங்கே ஒரு விசிறி ஓட மாட்டேன் என்கிறது.

மழையிலும் கம்பம் ஏறும் தங்கள் கம்பியாளர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்பது ஒன்றே: மாலை ஏழு மணிக்கு, சுமை இருக்கும்போது, கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டருடன் ஒருவரை அனுப்பி டிரான்ஸ்பார்மரில் அளக்கச் செய்யுங்கள். அந்த அளவுகளை எழுத்தில் தாருங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் இறுக்கவும், சுமை சாய்ந்திருந்தால் மூன்று ஃபேஸுக்கும் பிரிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை மின்பணியாளர்