அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கடிதம், பதினோரு மாதம் தாமதமாக

மடிப்பாக்கம்,
சென்னை.
ஞாயிறு இரவு

அன்புள்ள சாந்தி,

திட்டித் தீர்த்துக்கொள். பதினோரு மாதமாகிறது. உன் பெண் காவ்யாவை ஆஸ்திரேலியாவில் எங்கே படிக்க வைக்கலாம் என்று கேட்டு நீ எழுதின கடிதம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அதை எடுப்பேன், படிப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் என் கதையையும் சொல்லியாக வேண்டும். முடிவு தெரிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நானும் செந்திலும் பேசி வைத்திருந்தோம். உன்னிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு எத்தனை நாள் உறுத்தியது தெரியுமா.

எல்லோரும் நலம். செந்திலுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. பையன் எட்டாவது போய்விட்டான், என்னைவிட ஒரு விரல் உயரம். போன மாதம் சரோஜா மேடத்தை வேளச்சேரி மார்க்கெட்டில் பார்த்தேன். "அந்த மொட்டை மாடி கோஷ்டி எங்கேடி?" என்றுதான் முதலில் கேட்டார்.

இப்போது விஷயம். புதன்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் ஆஸ்திரேலியா விசா வந்துவிட்டது. நேரடி பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்குகிற விசா, இல்லை. 491 என்று சொல்வார்கள், பிராந்திய விசா, பெருநகரங்களுக்கு வெளியே குடியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் செல்லும். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் என்னை நாமினேட், அதாவது பரிந்துரை, செய்திருக்கிறது. எனக்கு நாற்பத்தைந்து முடிய பத்தொன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது, சாந்தி. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். பத்தொன்பது நாள்! அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், காவ்யாவுக்கும் இது வேண்டியிருக்கும். வயது, படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் போடுவார்கள், குறைந்தது 65 வேண்டும். என் வயதுக்கு 15. இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டு வரைக்கும் இருப்பவர்களுக்கு 30 கொடுக்கிறார்கள், எனக்கு அதில் பாதிதான். பி.இ.க்கு 15. எட்டு வருஷத்துக்கு மேல் சிவில் இன்ஜினியர் வேலை பார்த்ததற்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் ஏழு வாங்கியதற்கு 10. செந்தில் ஆறு ஆறு வாங்கியதற்கு 5. தமிழுக்கு 5. கூட்டினால் சரியாக 65, வாசற்படியில் நிற்கிறேன். அந்த 65-ஐ வைத்துக்கொண்டு சிட்னி, மெல்பர்ன் என்று நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிராந்தியத்துக்கு வருகிறேன் என்று சொல்லி, ஒரு மாநிலமும் சரி என்று நாமினேட் செய்தால் மேலே 15. அப்படித்தான் 80 ஆனது.

தமிழுக்கு 5 என்றேனே, அதை உனக்குச் சொல்லாமல் இத்தனை நாள் இருந்ததுதான் பெரிய கஷ்டம். நாட்டி என்று ஒரு அமைப்பு சி.சி.எல். தேர்வு வைக்கிறது. அதில் தமிழ் உண்டு. இரண்டு உரையாடல். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், இன்னொருவர் தமிழில். நாம் நடுவில் உட்கார்ந்து இங்கிட்டும் அங்கிட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் 90 மார்க், 63 வாங்கினால் பாஸ், ஒவ்வொரு உரையாடலிலும் 29-க்குக் குறையக் கூடாது. ஆஸ்பத்திரி, வாடகை வீடு, கோர்ட், இன்சூரன்ஸ் என்று எதிலிருந்தும் வரும். யாரோடு பழகுவது? அம்மாவோடுதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பாட்டி வேஷம், பையன் டாக்டர் வேஷம், நடுவில் நான். நான் எழுதிக் கொடுத்ததை அம்மா படிக்கவே மாட்டாள், சொந்தமாகப் பேசுவாள். "ரெண்டு நாளா நெஞ்சு கரிக்கி, வயித்தப் பொரட்டுது, எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது டாக்டரே." அதை நான் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பையன் பதிலுக்கு 'ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது' என்பதை இங்கிலீஷில் கொட்டுவான், அதை அம்மாவுக்குப் புரிகிற தமிழில் நான் சொல்ல வேண்டும். என் தமிழில் ஏதாவது இடறினால் அம்மா கையைத் தூக்கி நிறுத்திவிடுவாள்: "இப்படிச் சொன்னா எந்தக் கிழவிக்குடி புரியும்?" ரிசல்ட் வந்த அன்று, தானே பாஸான மாதிரி தெருவில் நாலு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள்.

அதைவிடப் பாடாய்ப்படுத்தியது, நம் இன்ஜினியர் தகுதியைச் சரிபார்க்கிற இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு அனுப்பின அறிக்கை. சி.டி.ஆர். என்பார்கள். நாம் செய்த மூன்று வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஆயிரம் வார்த்தைக்குக் குறையாமல். இங்கே ஒரு ஏஜென்ட் ஆபீஸில் முதலில் பணம் கட்டியிருந்தோம், பேர் வேண்டாம். "மேடம், ரெடிமேடா இருக்கு, உங்க பேரைப் போட்டா போதும்" என்றார்கள். அப்படிக் காப்பியடித்தது பிடிபட்டால் விண்ணப்பத்தையே நிராகரித்து, கொஞ்ச காலத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கவும் விட மாட்டார்கள். நல்லவேளை, எனக்கு அன்றைக்கே மனசு ஒப்பவில்லை. கட்டின பணம் போனது போனதுதான், வெளியே வந்துவிட்டோம். பிறகு நானே எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது. 'நாங்கள் செய்தோம்' என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். 'நான் கணக்கிட்டேன், நான் முடிவெடுத்தேன்' என்று எழுத வேண்டும். பள்ளிக்கரணைப் பக்கம் மழைநீர் வடிகால் போட்டோமே, நாலு அடி தோண்டும்போதே ஊற்று பொங்கி மண் சரிந்ததே, மோட்டாரை எங்கே வைப்பது, பக்கவாட்டு மண்ணுக்கு எப்படி முட்டுக் கொடுப்பது என்று அந்த ராத்திரி கணக்குப் போட்டது யார்? நான்தான். ஆனால் இருபது வருஷமாக எந்த மீட்டிங்கிலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. 'டீம் பண்ணுச்சு சார்' என்று சொல்லியே பழகியிருக்கிறேன். முதல் பக்கத்தில் 'நான்' என்று டைப் அடித்துவிட்டு அழுதேன், சாந்தி.

இனி காவ்யா. மெல்பர்னா அடிலெய்டா என்று கேட்டிருந்தாய். இரண்டிலும் அவளுக்குப் பிடித்த படிப்பு, ஏறக்குறைய ஒரே தரம் என்றால், என் ஓட்டு அடிலெய்டுக்கு. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் இந்த மூன்று பெருநகரங்களைத் தவிர மற்ற எல்லா இடமுமே குடியேற்றக் கணக்கில் பிராந்தியம்தான். அடிலெய்டும் அதில்தான்; 2019 நவம்பரில் இருந்து பெர்த், கோல்ட் கோஸ்ட்கூட அதில் சேர்ந்துவிட்டன. பிராந்தியம் என்றதும் நம் ஊர் வயக்காட்டை நினைத்துக்கொள்ளாதே. அடிலெய்டில் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம். மெல்பர்னிலிருந்து 75 கிலோமீட்டரில் ஜீலாங் இருக்கிறது, அதுவும் பிராந்தியம்தான். டீக்கின் பல்கலைக்கழகத்துக்கு மெல்பர்னில் பர்வுட் வளாகம், ஜீலாங்கிலும் வளாகம். பர்வுட்டில் படித்தால் பிராந்தியப் படிப்புக்கான 5 பாயின்ட் கிடையாது, ஜீலாங்கிலேயே தங்கிப் படித்தால் உண்டு. அதனால் எந்தப் பல்கலைக்கழகம் என்பதோடு நிற்காமல், எந்த வளாகம் என்று கேட்கச் சொல்.

இன்னொன்றும் கேட்கச் சொல்: படிப்பு குறைந்தது 92 வாரமா? வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகளுக்குக் கிரிகோஸ் என்று ஒரு அரசுப் பதிவேடு உண்டு, அதில் எத்தனை வாரம் என்று போட்டிருக்கும். ஒன்றரை வருஷ மாஸ்டர்ஸ் நிறைய விற்கிறார்கள், பணம் மிச்சம் என்று நாமும் மயங்கிவிடுவோம். அது இரண்டு கல்வியாண்டாகத் தேறாவிட்டால் ஆஸ்திரேலியாவில் படித்ததற்கான 5-ம் போகும், பிராந்தியத்துக்கான 5-ம் போகும். ஆராய்ச்சிப் படிப்பாக இல்லாத சாதாரண மாஸ்டர்ஸ் முடித்தால் கூடுதல் பாயின்ட் என்று யாராவது சொன்னால் நம்பாதே, பி.இ.க்கும் எம்.எஸ்.ஸுக்கும் அதே 15தான்.

படித்து முடித்தபின் 485 விசா. இந்திய மாணவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்றால் மூன்று வருஷம் வரை வேலை பார்க்கலாம், 35 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிராந்தியத்தில் படித்து, அந்த விசாவில் இரண்டு வருஷமாவது பிராந்தியத்திலேயே இருந்தால் இரண்டாவது 485 கிடைக்க வழி இருக்கிறது. அடிலெய்டு மாதிரி நகரமென்றால் ஒரு வருஷம், இன்னும் உள்ளே போனால் இரண்டு. நம் அரசு டாக்டர்கள் மலைக்கிராமத்தில் வேலை பார்த்தால் மேல்படிப்புக்கு மார்க் கூடும் இல்லையா, அதே யோசனைதான். ஆள் கிடைக்காத இடத்துக்கு ஆள் வர வைக்க வேண்டும்.

காவ்யா கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வயதில் அவளுக்கு 80 வரும், தமிழையும் சேர்த்து. கல்யாணமாகாதவர்களுக்கே 10 இருக்கிறது, மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அவசரப்படாதே! பிராந்திய நாமினேஷனின் 15-ஐயும் சேர்த்தால் 95. ஆனால் பாயின்ட் இருந்தாலே அழைப்பு வந்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவுதான் இடம், அந்தந்த வருஷம் எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டுமோ அதற்குத்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் இருக்கிற பட்டியல் அவள் படித்து முடிக்கும்போது அப்படியே இருக்காது. அதனால் 'இந்தக் கோர்ஸ் எடுத்தா பி.ஆர். கேரன்ட்டி' என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். குடியேற்ற ஏஜென்ட்களுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுக்கிற மாரா பதிவு எண் இருக்கிறதா என்று கேள், எண்ணைச் சொன்னால் நெட்டில் நீயே சரிபார்க்கலாம். மாணவர் விசா கட்டணத்தையே 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலர் ஆக்கிவிட்டார்கள். திரும்பி வராத பணம். அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாளோ அதைப் படிக்கட்டும், அதற்கு மேல்தான் இந்தக் கணக்கெல்லாம்.

"அஞ்சு வருஷ விசாவா? அப்புறம் திருப்பி அனுப்பிட்டா?" என்று என் மச்சினர் குதிக்கிறார். பி.ஆர். கேட்க 191 என்று ஒன்று இருக்கிறது. 491-ல் மூன்று வருஷம் இருந்திருக்க வேண்டும், பிராந்தியத்திலேயே குடியிருந்து வேலை பார்த்திருக்க வேண்டும், மூன்று வருஷத்து வருமான வரி மதிப்பீட்டைக் காட்ட வேண்டும். இவ்வளவு சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை. என்னால் முடியும். மன்னார்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து, கோட்டூர்புரமும் கோடம்பாக்கமும் வேறு வேறு என்றே தெரியாமல் நின்றவள்தானே நான். அடிலெய்டு கசந்தால் மவுன்ட் கேம்பியர் பக்கம் போவோம் என்கிறார் செந்தில். எரிமலை வாயில் ஒரு ஏரி, கோடைக்காலத்தில் தண்ணீர் பளீரென்று நீலமாகிவிடுமாம். படத்தைக் காட்டினால் பையன் நம்ப மாட்டேன் என்கிறான்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொன்று. எனக்கு அந்த மூன்று வருஷம் வரிக் கணக்கு. அவளுக்கு அது என்ன? பெற்றோரை மூன்று வருஷம், ஐந்து வருஷம் கூட வைத்துக்கொள்ள 870 என்று விசா இருக்கிறது. ஆனால் ஸ்பான்சர் செய்கிறவர் கையில் பி.ஆர். இருக்க வேண்டும். எனக்கு அது வர மூன்று வருஷம், மேலே காத்திருப்பு வேறு. அதுவரைக்கும் விசிட்டராக வந்து போகலாம், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் செந்திலும் திண்டாடினோம். கடைசியில் வியாழக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நிமிரவில்லை. காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, "தெரியும். அந்த பேப்பர்ல என் பேரு இல்லையே, அப்பமே பாத்தேன்" என்றாள். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாள்.

அண்ணன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான். போக மாட்டாளாம். இந்த பிளாட்டிலும் தனியாக இருக்க மாட்டாளாம். போன டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதிலிருந்து மழை இருட்டினாலே அவளுக்குக் கை நடுங்குகிறது. "என்னைய அம்பைல கொண்டு விட்டுரு. சாந்தி இருக்கால்லா" என்கிறாள். அவள் பிறந்த தெரு, குளித்த ஆறு. ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கிறாள், நான் என்ன சொல்ல?

உன் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. செலவு முழுக்க என்னுடையது, துணைக்கு ஒரு ஆள் மட்டும் பார்க்க வேண்டும். நீ வாரத்துக்கு இரண்டு தரம் ஸ்கூல் விட்டு வரும்போது எட்டிப் பார்த்தால் போதும். முடியாது என்றாலும் சொல்லிவிடு, உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது, வேறு ஏற்பாடு செய்துகொள்வேன். முடியும் என்றால் ஒரு வீடு பார். கீழ் வீடாக இருக்கட்டும், இரண்டு படிக்கு மேல் வேண்டாம். கக்கூஸ் உள்ளே, உட்காருகிற மாதிரி. திண்ணை இருந்தால் நல்லது, சாயந்திரம் நாலு பேரைப் பார்ப்பாள்.

பிப்ரவரிக்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். பொங்கல் கழிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன், நான்கு நாள் உன்னோடு இருப்பேன். காவ்யாவையும் அப்போது லீவ் போடச் சொல், மொத்தமும் உட்கார்ந்து பேசிவிடலாம். சர்டிபிகேட் காப்பிகளை இப்போதே எடுத்து வைக்கட்டும்.

அம்மா இப்போது எழுந்து வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

உன்,
கீதா