கையைத் தூக்க விடாதவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் மறுபடி கண்டக்டர் வேலைக்கு பஸ் ஏறிவிட்டேன். டிரைவர் பிரேக் அடித்ததும் வலது கை தானாக மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எட்டு மாதத்துக்கு முன் சட்டைப்பையில் பேனா எடுக்கக்கூட வராத கை இது.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி இரண்டு மாதத்தை வீணாக்கியது நான்தான். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போய்விடும். எம்.ஆர்.ஐ. எடுத்ததும், தோள் மூட்டைப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் மேல் தசையின் நார் எலும்பை விட்டுக் கிழிந்திருப்பது தெரிந்தது. சின்னத் துளைகள் வழியே எலும்பில் ஆங்கர் (நூல் கோத்த சின்ன ஆணி மாதிரி) இறக்கி, அந்த நூலால் நாரை இழுத்துக் கட்டிய டாக்டருக்கு நன்றி.

ஆபரேஷன் அன்றைக்கு, போட்ட மரப்பு ஊசியில் கை மரத்துப்போய், வேறு யாருடையதோ மாதிரி மடியில் கிடந்தது. வலியே இல்லை என்று பெருமையடித்துக் கொண்டிருந்த என்னை அதட்டி, மரப்பு விடும் முன்பே மாத்திரை போடவைத்த நர்ஸம்மாவை மறக்க மாட்டேன்.

அப்புறம் ஆறு வாரம் ஸ்லிங், கையைத் தொட்டில் மாதிரி தாங்கும் பட்டை. நீட்டிப் படுக்க முடியாது. தன் வீட்டுச் சாய்வு நாற்காலியை ஆட்டோவில் கொண்டுவந்து போட்டார் டிரைவர் அண்ணன்; அதில்தான் தூங்கினேன். கைலி கட்டிவிட்டது, சட்டை மாட்டியது (தைத்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதுதான் கடைசி) எல்லாம் மனைவி. இடது கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை; சோறும் அவள்தான் ஊட்டினாள்.

நான்காவது வாரம் வலி குறைந்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனேன். மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "வலி போனா ஒட்டிருச்சுன்னு அர்த்தமில்ல சார், நார் எலும்போட பிடிக்கவே மூணு மாசம் ஆகும்" என்று பிசியோதெரபி தங்கச்சியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிடும் பயிற்சி. எட்டிய இடத்தில் மகள் தினமும் பென்சிலால் கோடு போட்டாள். சில நாள் கோடு நேற்றையதைவிடக் கீழே இருக்கும். அன்றைக்கெல்லாம் யாரோடும் பேசமாட்டேன். பொறுத்துக்கொண்டார்கள்.

முதுகுப் பக்கம் கை இன்னும் முழுசாகப் போகவில்லை, முதுகு சொறியச் சீப்புதான் துணை.

டூட்டி மாற்றிக் கொடுத்த டிப்போ நண்பர்களுக்கும், முதல் டிரிப்பில் ஏறும் காய்கறிக்கார அம்மாக்களுக்கும் நன்றி. பழக்கதோஷத்தில் கூடைக்குக் கை நீட்டினேன். "நீ சும்மா நில்லுய்யா" என்று அவர்களே ஏற்றிக்கொண்டார்கள்.